புதுசா வேலைல சேர்ந்திருக்கேன், ஆசிரியர் சங்கத்துல சேரணுமா? அவங்க இதுவரைக்கும் என்னதான் செஞ்சிருக்காங்க?

மூணாப்பு_ஆ_பிரிவு

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம்தான் டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) மூலமா இடைநிலை ஆசிரியரா ஒரு ஒன்றிய நடுநிலைப் பள்ளியில சேர்ந்தேன். ஜாயினிங் ரிப்போர்ட் குடுக்க பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் போன அன்னைக்கே வாசல்ல மூணு சங்கத்துக்காரங்க நின்னாங்க, ஆளுக்கொரு சால்வை, ஒருத்தர் டைரி குடுத்தார், ஒருத்தர் பாக்கெட் காலண்டர், கூடவே சந்தா ரசீது புக்கும் நீட்டியாச்சு. மூணு பேரும் "எங்களுதுதான்மா தாய்ச் சங்கம், மத்தவங்க எல்லாம் பிரிஞ்சு போனவங்க"ன்னு ஒரே டயலாக். யோசிச்சு சொல்றேன் சார்னு நழுவிட்டேன்.

வீட்ல அப்பா சங்கமெல்லாம் வேணாம், தகுதிகாண் பருவம் முடியட்டும்ங்கறார். ஸ்கூல்ல எங்க எச்.எம் மேடம் "சங்கத்துல இல்லாத டீச்சர் பைல் ஆபீஸ்ல நகராது"ங்கறாங்க. நெட்ல தேடினா ஜாக்டோ ஜியோ, டிட்டோஜேக்னு பேரா வருது, எது எதுக்குள்ள இருக்குன்னே புரியல. வாத்தியார்னாலே சம்பளத்துக்கு ஸ்ட்ரைக் பண்றவங்கன்னு கமெண்ட்ல திட்டறதும் நிறைய பாக்கறேன். பழைய ஆளுங்க யாராச்சும் உண்மையில இந்த சங்கங்க என்ன வாங்கிக் குடுத்திருக்கு, எங்க கோட்டை விட்டுச்சுன்னு சொல்லுங்களேன். கட்சி சண்டை வேணாம் ப்ளீஸ்.

சாக்பீஸ்_தாத்தா

வாழ்த்துக்கள்மா. நான் 82ல சேர்ந்து எச்.எம்மா ரிட்டையர் ஆனவன், எங்கப்பாவும் வாத்தியார், உதவி பெறும் பள்ளி. அதனால ரெண்டு தலைமுறைக் கதை சொல்றேன், நீளமா போகும், பொறுத்துக்கோ.

எங்கப்பா காலத்துல வாத்தியாருக்கு முதலாளி அரசாங்கம் இல்ல, பள்ளிக்கூட மேனேஜர்தான். கிராண்ட் வந்தாத்தான் சம்பளம். ரிஜிஸ்டர்ல ஒரு தொகைக்கு கையெழுத்து வாங்கிட்டு கையில வேற தொகை குடுப்பாங்க. ஏப்ரல்ல கோடை லீவு விடும்போது வேலையை விட்டு நிறுத்தி ஜூன்ல திரும்ப சேத்துக்குவாங்க, ரெண்டு மாச சம்பளம் மிச்சம் பாரு. மேனேஜர் வீட்டு கல்யாணத்துல பந்தி பரிமாறினதை அப்பா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருப்பார். அவர் எங்களுக்கு சொன்னது, சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சதே சம்பளம் ஏத்திக் கேக்க இல்ல, எழுதின சம்பளத்தை குடுன்னு கேக்கத்தான்.

55ல காமராஜர் ஆட்சியில பென்ஷன், பிஎஃப், இன்சூரன்ஸ் மூணையும் சேத்து ஒரு திட்டம் வந்துச்சு, உதவி பெறும் பள்ளி வாத்தியாருக்கும் உள்ளாட்சி பள்ளி வாத்தியாருக்கும். அதுக்கு முன்னாடி ரிட்டையர் ஆனா பிள்ளைங்க கையை எதிர்பாக்க வேண்டியதுதான். அப்புறம் 1973ல தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம். அதுல 22வது பிரிவுதான் அப்ப உயிர்நாடி. நிர்வாகம் நெனச்ச மாத்திரத்துல டிஸ்மிஸ் பண்ண முடியாது, கல்வி அதிகாரிகிட்ட முன் அனுமதி வாங்கணும், சஸ்பெண்ட் பண்ணாலும் மாசக்கணக்குல இழுத்தடிக்க முடியாதுன்னு ஆச்சு. இந்த மாதிரி சட்டம் வேணும்னு எத்தனை வருஷம் மாநாடு மாநாடா தீர்மானம் போட்டாங்கன்னு அப்பா வெச்சிருந்த சங்க இதழ்கள்ல நானே படிச்சிருக்கேன்.

ஒன்றியப் பள்ளி வாத்தியார் நிலைமை வேற. நான் சேர்றதுக்கு முன்னாடி வரைக்கும் யூனியன் சேர்மன் கையில இருந்தாங்க. எலெக்ஷன்ல எவனுக்கு வேலை செஞ்சங்கறதைப் பாத்து ட்ரான்ஸ்பர் போடுவாங்க. 1981 ஜூன் 1லேருந்து எம்ஜிஆர் ஆட்சியில ஒன்றிய ஆசிரியர்களை அரசு ஊழியர் ஆக்கினாங்க. நீ இன்னைக்கு கவுன்சிலிங்ல போய் இடம் எடுக்கற பாரு, அதுக்கு அஸ்திவாரம் அங்கதான். சும்மா வரல அது, மாஸ்டர் ராமுண்ணி, அப்துல் மஜீத் மாதிரி ஆளுங்க ஊர் ஊரா சுத்தி ஆரம்பப் பள்ளி வாத்தியாரை ஒண்ணு சேத்ததுல வந்தது. அடுத்து 88, கவர்னர் ஆட்சி. ஆசிரியர் சங்கங்களோட கூட்டமைப்பு ஜாக்டோவும் அரசு ஊழியர் கூட்டமைப்பு ஜியோவும் சேர்ந்து மத்திய அரசுக்கு சமமா ஊதியம் வேணும்னு ஸ்ட்ரைக். அந்த ஸ்ட்ரைக்ல நானும் இருந்தேன். அடுத்த வருஷம் வந்த கலைஞர் ஆட்சி 1.6.88லேருந்து கணக்கு பண்ணி குடுத்துச்சு. என் சம்பளம் ஏறக்குறைய மனுஷ சம்பளம் ஆனதே அப்பதான்.

இன்னொண்ணு பல பேருக்கு தெரியாது. மேலவை இருந்தப்ப ஆசிரியர் தொகுதின்னே தனியா உண்டு, உறுப்பினர்ல பன்னிரண்டுல ஒரு பங்கு. ஆனா உயர்நிலைப் பள்ளிக்கு கீழ பாடம் எடுக்கறவங்களுக்கு அதுல ஓட்டே கிடையாது, அரசியல் சட்டத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு. ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் வாத்தியார் கணக்குல வரல போல. 86 நவம்பர்ல மேலவையையே கலைச்சுட்டாங்க, அது வேற கதை.

ஐயாயிரத்து_இருநூறு

தாத்தா சொன்னது எல்லாம் கரெக்ட், மறுக்கல. ஆனா அந்தக் கதை 88லேயே முடிஞ்சு போச்சுங்கறதையும் சேத்து சொல்லணும்ல.

என் ஐடி பேரை பாருங்க. 31.5.2009 வரைக்கும் வேலைல சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8370, மறுநாள் ஜூன் 1லேருந்து சேர்ந்தவனுக்கு 5200. அதே டிடிஎட் படிப்பு, அதே கிளாஸ், அதே சத்துணவு மேற்பார்வை, 3170 ரூபா கம்மி. அடிப்படையில வர்ற வித்தியாசம்ங்கறதால அதுக்கு மேல டிஏ, ஹெச்ஆர்ஏ, இன்கிரிமென்ட்னு எல்லாத்துலயும் அது பெருகிட்டே போகும். என் பக்கத்து கிளாஸ் டீச்சர் என்னைவிட கொஞ்சம் முன்னாடி சேர்ந்தவங்க, சம்பள பில் வர்ற அன்னைக்கு ரெண்டு பேரும் அதைப் பத்தி பேசிக்க மாட்டோம்.

இதுக்கு பெரிய சங்கங்க என்ன பண்ணாங்க? பத்து அம்ச கோரிக்கையில ஏழாவதோ எட்டாவதோ வரியா போட்டாங்க. கடைசியில நாங்களே தனி சங்கம் வெச்சு சென்னையில கல்வித்துறை தலைமை ஆபீஸ் இருக்கற டிபிஐ வளாகத்துல 2018 டிசம்பர்ல சாப்பிடாம உக்காந்தோம், மயக்கம் போட்டு ஆம்புலன்ஸ்ல போனவங்க எத்தனையோ பேர், கைக்குழந்தையோட வந்த டீச்சர் உண்டு. அப்புறமும் ஒவ்வொரு வருஷமும் அதே இடம், அதே பேச்சுவார்த்தை, அதே குழு அமைப்போம்ங்கற பதில். பகுதி நேர ஆசிரியர்கள் கதை இன்னும் கொடுமை, 2012ல 16,549 பேரை 5000 ரூபாய்க்கு வாரம் மூணு அரை நாள்னு எடுத்தாங்க, ஓவியம், உடற்கல்வி, தையல் எடுக்கறவங்க. அவங்க நிரந்தரம் கேட்டு கேட்டு தலை நரைச்சிருச்சு.

ஒவ்வொரு தடவையும் கவர்மென்ட் ஒரு தேதியை போட்டு கோடு கிழிக்குது, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க சங்கத்துல மெஜாரிட்டி, நாங்க இந்தப் பக்கம். தங்கச்சி, நீயும் இந்தப் பக்கம்தான், அதை தெரிஞ்சுட்டு சந்தா கட்டு.

எஸ்மா_பேட்ச்

கோடு கிழிச்ச கதைன்னா 2003ஐ பேசாம நகர முடியாது. நான் அதுல டிஸ்மிஸ் ஆனவன்.

அந்த சமயம் நிதி நெருக்கடின்னு சொல்லி ஓய்வூதியத்துல கை வெச்சாங்க, லீவை குடுத்து காசு வாங்கற சரண்டர்ல கை வெச்சாங்க. ஜூலை 2ந்தேதி ஸ்ட்ரைக் ஆரம்பம். அதுக்கு முன்னாடியே நடுராத்திரி வீட்டு கதவை தட்டி தலைவர்களை தூக்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்க வட்டார செயலாளர் லுங்கியோட போனார், அவங்க வீட்டம்மா பின்னாடியே சட்டையை எடுத்துட்டு ஓடினாங்க. 4ந்தேதி ஒரு அவசரச் சட்டம், முன்னாடி வருஷம் போட்ட டெஸ்மாவுக்கு (அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம்) திருத்தம். விசாரணை, மெமோ எதுவும் வேண்டாம், நேரா டிஸ்மிஸ். சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் போனோம். ஆபீஸ் போர்டுல பேப்பர் ஒட்டியிருந்துச்சு, கார்பன் காப்பி மங்கலா இருந்ததால என் பேரை என் வொய்ஃப் விரல் வெச்சு தேடிக் கண்டுபிடிச்சாங்க.

கோர்ட்டுக்கு போனோம். டி.கே.ரங்கராஜன் வழக்கு, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 2003 ஆகஸ்ட் 6. பெரும்பாலானவங்களை திரும்ப எடுத்துக்கறதா கவர்மென்ட் கோர்ட்ல ஒத்துக்கிச்சு, ஆனா நிபந்தனையில்லா மன்னிப்பு எழுதிக் குடுக்கணும், ஸ்ட்ரைக் பண்ணக் கூடாதுங்கற நடத்தை விதி 22ஐ மீற மாட்டேன்னு உறுதிமொழி குடுக்கணும். 6,072 பேர் மட்டும் வெளிய நின்னாங்க, அவங்களை ரிட்டையர்டு ஜட்ஜுங்க விசாரிக்கறதுன்னு ஆச்சு. தீர்ப்புல சொன்ன பெரிய விஷயம், அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் பண்ண அடிப்படை உரிமையும் இல்ல, சட்ட உரிமையும் இல்ல, தார்மீக உரிமையும் இல்லங்கறது. இன்னைக்கும் எந்த ஸ்ட்ரைக் வந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல எடுக்கறது இந்தத் தீர்ப்பைத்தான்.

இப்ப கவனிங்க. அதே 2003 ஆகஸ்ட் 6ந்தேதியில நிதித்துறை அரசாணை 259. ஏப்ரல் 1, 2003க்கு அப்புறம் சேர்றவங்களுக்கு பழைய பென்ஷன் விதி பொருந்தாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான். சிபிஎஸ். சம்பளத்துலயும் டிஏவுலயும் 10 சதவீதம் பிடிப்பாங்க, ஜிபிஎஃப் மாதிரி பொண்ணு கல்யாணத்துக்கு லோன் போட முடியாது. மன்னிப்பு கடுதாசி எழுதி வேலைக்கு திரும்பின கையோட அதை எதிர்த்து எவன் கொடி பிடிப்பான்? புதுசா வரப்போறவனுக்காக ஸ்ட்ரைக் பண்ற தெம்பு அப்ப ஒருத்தர்கிட்டயும் இல்ல. 5200 தம்பி சொல்ற கோடு 2009ல ஆரம்பிக்கல, இங்க ஆரம்பிச்சது. அந்த நேரத்துல எடுத்த வாத்தியாருங்க தொகுப்பூதியத்துல வந்தாங்க, இடைநிலைக்கு மாசம் 3000, பட்டதாரிக்கு 4000. 2006 ஜூன்லதான் காலமுறை ஊதியம். அந்த வருஷங்க சர்வீஸ்ல சேரலன்னு இன்னும் அழுதுட்டு இருக்காங்க.

ஆனா ஒண்ணு, 2004 நாடாளுமன்ற தேர்தல்ல ஆளுங்கட்சிக்கு தமிழ்நாட்டுல ஒரு சீட்டு கூட வரல, ரிசல்ட் வந்த கையோட ஊழியர் மேல எடுத்த நடவடிக்கை எல்லாம் வாபஸ். அதுலேருந்து எந்தக் கட்சி வந்தாலும் தேர்தல் அறிக்கையில எங்களுக்கு ஒரு பாரா உண்டு. பாரா இருக்கும், அரசாணை வராது. பழைய பென்ஷனுக்கு கமிட்டி மேல கமிட்டி, சாந்தா ஷீலா நாயர், ஸ்ரீதர், 2025 பிப்ரவரியில ககன்தீப் சிங் பேடி.

தனியார்_தமிழம்மா

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். நான் சுயநிதி மெட்ரிக் பள்ளி. நீங்க எல்லாம் 5200ஆ 8370ஆன்னு பேசறீங்க, எங்களுக்கு பேச ஒரு இடமே இல்ல.

நாங்க ஏன் யூனியன் வெக்கலன்னு கேப்பாங்க. வேலைல சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஆபீஸ் பீரோல வெச்சு பூட்டிக்கற இடத்துல என்ன யூனியன் வெக்கறது. அதுக்கு மேல சட்டமே எங்களை வெளிய வெச்சிருக்கு. 1988ல சுந்தரம்பாள்னு ஒரு டீச்சர் வழக்கு, கோவா, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. டீச்சர் செய்யற வேலை புனிதமானது, அதனால தொழிற்தகராறு சட்டப்படி அவங்க தொழிலாளி கிடையாதுன்னு தீர்ப்பு. அதே ஸ்கூல்ல பஸ் ஓட்டற அண்ணன் லேபர் கோர்ட் போகலாம், நான் போக முடியாது. புனிதத்தை வெச்சு வாடகை குடுக்க முடியாதுங்க.

பணிக்கொடை கூட அப்படித்தான். அந்தச் சட்டத்துல "ஊழியர்"ங்கறதுல டீச்சர் வரமாட்டாங்கன்னு 2004ல தீர்ப்பாச்சு, 2009ல பார்லிமென்ட்ல திருத்தம் போட்டு 1997 ஏப்ரல்லேருந்து செல்லும்னாங்க, பள்ளி நிர்வாகங்க விடாம அதையும் எதிர்த்து கேஸ் போட்டு 2022ல தோத்தாங்க. எங்க ஸ்கூல்ல இருந்து 14 வருஷம் கழிச்சு நின்ன அக்கா ஒருத்தங்களுக்கு இந்த சட்டம் இருக்கறதே தெரியாது, ஒரு குத்துவிளக்கும் பொன்னாடையும் குடுத்து அனுப்பிட்டாங்க. சங்கம்னு ஒண்ணு இருந்திருந்தா ஒரு நோட்டீஸாவது போட்டு சொல்லியிருக்கும். கொரோனா சமயத்துல பாதி சம்பளம், சில மாசம் அதுவும் இல்ல, நான் வீட்ல முறுக்கு சுட்டு வித்தேன். தங்கச்சி, உனக்கு சந்தா கட்ட மூணு சங்கம் வரிசையில நிக்குதுன்னா, கட்டிடும்மா.

மூணாப்பு_ஆ_பிரிவு

படிக்க படிக்க தலை சுத்துது, எல்லாருக்கும் தேங்க்ஸ். தமிழம்மா அக்கா, நானும் ரெண்டு வருஷம் பிரைவேட்ல இருந்துட்டுத்தான் வந்தேன், அந்த பீரோ எனக்கும் தெரியும்.

ரெண்டு டவுட். ஒண்ணு, தகுதிகாண் பருவத்துல ஸ்ட்ரைக்ல கலந்துகிட்டா வேலை போயிடுமா? ரெண்டாவது, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தீர்ப்பு வந்ததுலேருந்து எங்க ஸ்கூல் சீனியர் டீச்சர்ஸ் ரெண்டு பேர் ஸ்டாஃப் ரூம்ல கைடு வெச்சு படிச்சுட்டு இருக்காங்க, பாக்கவே சங்கடமா இருக்கு. இதுல சங்கம் ஏதாச்சும் செய்ய முடியுமா?

பைல்_நம்பர்_போடுங்க

நான் டீச்சர் இல்ல, கல்வி அலுவலகத்துல அசிஸ்டென்ட். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்றேன்.

தகுதிகாண் பருவம் தொடர்ச்சியான மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு வருஷம். ஸ்ட்ரைக்குக்கு போனா முதல்ல வர்றது நோ ஒர்க் நோ பே, அந்த நாளுக்கு சம்பளம் போகும், தகுதிகாண் முடியறதும் அத்தனை நாள் தள்ளும். பயப்பட வேண்டியது 17பி சார்ஜ் மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ். அது நிலுவையில இருக்கற வரைக்கும் புரமோஷன் பேனல்ல பேர் சிக்கிக்கும். 2019 ஜனவரி 22லேருந்து 30 வரைக்கும் நடந்த ஜாக்டோ ஜியோ ஸ்ட்ரைக்ல குடுத்த மெமோவை ரொம்ப நாள் தலையில சுமந்தவங்க உண்டு. அப்ப ஸ்கூலை நடத்த 7500 ரூபாய்க்கு தற்காலிக ஆசிரியர் எடுக்கறோம்னு சொல்லி, அப்புறம் 10,000னு ஏத்தினாங்க, விண்ணப்பம் குடுக்க க்யூ நின்னதை என் கண்ணால பாத்தேன். வேலையில்லாத டிடிஎட் பிள்ளைங்க அவங்க. ஸ்ட்ரைக் பண்றவங்க மேல ஊர்ல இருக்கற கோவத்துல பாதி அதுதான், சங்கத் தலைவருங்க அதை பேசறதே இல்ல. ஆக சந்தா கட்டறதுக்கும் ஸ்ட்ரைக்குக்கு போறதுக்கும் முடிச்சு போடாதீங்க, உறுப்பினரா இருந்துட்டு தகுதிகாண் பருவத்துல ஸ்ட்ரைக்குக்கு போகாம இருக்கறவங்க எல்லா சங்கத்துலயும் இருக்காங்க, கேட்டா அவங்களே வர வேணாம்பாங்க.

டெட் விஷயம். 2025 செப்டம்பர் 1 தீர்ப்புப்படி ரிட்டையர்மென்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணணும், இல்லன்னா கட்டாய ஓய்வு. அஞ்சு வருஷத்துக்கு உள்ள இருந்தா வேலையில இருக்கலாம், புரமோஷன் கிடையாது. தமிழ்நாட்டுல முதல் டெட் நடந்ததே 2012 ஜூலையில, அதுக்கு முன்னாடி சேர்ந்தவங்களுக்கு இப்படி ஒரு பரீட்சை இருந்ததே இல்ல. மாநில அரசும் சங்கங்களும் சீராய்வு மனு போட்டிருக்காங்க. அந்த டீச்சருங்க படிக்கறதை நிறுத்த வேணாம், மனுவை நம்பி யாரும் கைடை மூட வேண்டியதில்ல.

எச்.எம் மேடம் சொன்ன பைல் விஷயம் பாதி உண்மை. சட்டப்படி எந்த பைலும் சங்கம் பாத்து நகராது. ஆனா எங்க செக்ஷன்ல ஆள் பாதி, நூத்துக்கணக்குல எஸ்ஆர் (பணிப்பதிவேடு). சனிக்கிழமை சாயந்தரம் சங்கப் பொறுப்பாளர் லிஸ்ட் எழுதிட்டு வருவார், இன்னாருக்கு இன்கிரிமென்ட் போடல, இன்னாருக்கு மகப்பேறு விடுப்பு எஸ்ஆர்ல ஏறல, இன்னாருக்கு தேர்வுநிலை அரியர் நிக்குதுன்னு. அதுல போன மாசம் ஒரு டீச்சருக்கு பத்து வருஷம் முடிஞ்சு தேர்வுநிலை வந்ததே எங்க யாருக்கும் தெரியாம கிடந்துச்சு, அவங்களுக்கும் தெரியல, பொறுப்பாளர்தான் எஸ்ஆரை புரட்டி காட்டினார். இதெல்லாம் எந்த பேப்பர்லயும் வராது. அதே பொறுப்பாளர்ல சிலர் கிளாஸுக்கே போகாம மதியம் வரைக்கும் எங்க ஆபீஸ் பெஞ்சுலயே உக்காந்திருப்பாங்க, கேட்டா சங்க வேலை. கவுன்சிலிங் சமயத்துல தன் ஆளுக்கு காலியிடத்தை மறைக்க சொல்லி கேக்கறவங்களும் உண்டு.

எதுல சேர்றதுன்னா பேரை பாக்காதீங்க. தொடக்கக் கல்வி சங்கங்க பல சேர்ந்ததுதான் டிட்டோஜேக், அதைவிட பெரிய குடைதான் ஜாக்டோ ஜியோ, பெரும்பாலான சங்கம் எப்படியும் அதுக்குள்ளதான் இருக்கும். 2023 டிசம்பர்ல அரசாணை 243 வந்து ஒன்றிய அளவு சீனியாரிட்டியை மாநில அளவுன்னு மாத்தினதும் எல்லாம் ஒண்ணா வந்து நின்னுச்சே, அந்த மாதிரி. உங்க ஒன்றியத்துல எந்தப் பொறுப்பாளர் ஒழுங்கா கிளாஸ் எடுத்துட்டு சாயந்தரம் ஆபீஸ் வர்றார்னு விசாரிங்க.

ஐயாயிரத்து_இருநூறு

பைல் அண்ணே சொன்னதுல ஒரு சேர்க்கை. சேர்ந்ததும் வட்டார பொதுக்குழுவுக்கு போ தங்கச்சி, கணக்கு கேளு. 2009க்கு அப்புறம் வந்தவங்க எத்தனை பேர் பொறுப்புல இருக்காங்கன்னு கேளு. எங்க ஒன்றியத்துல செயலாளர், தலைவர், பொருளாளர் மூணு பேருமே பழைய பென்ஷன் ஆளுங்க, அவங்க நல்லவங்கதான், ஆனா சிபிஎஸ்னு பேச்சு வந்தா டீ வந்துருச்சும்பாங்க.

சாக்பீஸ்_தாத்தா

தம்பி சொல்றது குத்துது, ஆனா அநியாயமா சொல்லல. எங்க ஆளுங்க பொறுப்பை விட்டு இறங்க மாட்டேங்கறது நிஜம், ரிட்டையர் ஆகியும் மாநிலப் பொறுப்புல இருக்கறவங்க இருக்காங்க.

மூணாப்பு பொண்ணே, உங்க வட்டாரத்துல பொதுக்குழு பெரும்பாலும் காலாண்டு லீவுல வெப்பாங்க. பெண் ஆசிரியர்கள் பாதிக்கு மேல இருக்கற தொழில் இது, மேடையில பாத்தா மகளிர் அணிச் செயலாளர்னு ஒரே ஒரு நாற்காலி போட்டிருப்பாங்க. வரவேற்புரை சொல்ல கூப்பிட்டா ஒத்துக்காத. பொருளாளருக்கு நில்லு.

மூணாப்பு_ஆ_பிரிவு

ஐயோ தாத்தா, இன்னும் எமிஸ் (கல்வித்துறை ஆன்லைன் தளம்) பாஸ்வேர்டே வரல எனக்கு, அதுக்குள்ள பொருளாளரா 😀 சாயந்தரம் ஆபீஸ் வர்றவர் யாருன்னு முதல்ல விசாரிக்கறேன். எச்.எம் மேடம்கிட்ட கேட்டா அவங்க சங்கத்து ஆளைத்தான் சொல்வாங்க, அதனால ஆபீஸ்லயே கேக்கறேன். பைல் அண்ணே, எஸ்ஆர் ஓப்பன் பண்றப்ப நான் என்னென்ன பாக்கணும்னு தனியா ஒரு போஸ்ட் போடுங்களேன்.

பைல்_நம்பர்_போடுங்க

போடறேன்மா. இப்போதைக்கு பிறந்த தேதி, சர்டிபிகேட் பேர் இனிஷியலோட, சேர்ந்த நாள் முற்பகலா பிற்பகலா, சிபிஎஸ் நம்பர், இந்த நாலையும் உங்க கண்ணால பாத்துட்டு கையெழுத்து போடுங்க. முற்பகல் பிற்பகல் மாறினாக் கூட சீனியாரிட்டியில சண்டை வரும்.